இணையத்தைத் துண்டித்துவிட்டோம், இனிக் கவலை இல்லையா?

கேள்வி: எங்கள் மகனுக்கு 9 வயது. நான்காம் வகுப்பு முடித்திருக்கிறான். சென்ற ஆண்டு என் கைபேசியில் அவன் விளையாடிக்கொண்டிருந்த ஓர் இணைய விளையாட்டில், முகம் தெரியாத ஒருவர் அவனிடம் பேச்சுக் கொடுத்து, எந்தப் பள்ளியில் படிக்கிறாய், வீடு எங்கே இருக்கிறது என்றெல்லாம் கேட்டிருக்கிறார். அதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லாமல் போயிற்று. சிம் கார்டு இல்லாத பழைய கைபேசி ஒன்றை அவனுக்கென்று ஒதுக்கி, இணையம் தேவைப்படாத விளையாட்டுகளை மட்டும் ஏற்றிக் கொடுத்தோம். ஆனால் இந்தக் கோடை விடுமுறையில் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம்வரை விளையாடுகிறான். கைபேசியை வாங்கினால் "இந்த லெவல் மட்டும்" என்று கெஞ்சி, பிறகு அழுகிறான். கைபேசியின் தேதியை மாற்றி வைத்து, விளையாட்டில் தீர்ந்துபோன உயிர்களைத் திரும்பப் பெறுகிறான். அவனுடைய பெரியப்பா மகன் மெமரி கார்டில் ஜிடிஏ வைஸ் சிட்டி என்ற விளையாட்டைக் கொண்டுவந்து ஏற்றிக் கொடுத்திருக்கிறான். என் கணவர் வெளிநாட்டில் வேலை செய்கிறார். "நெட்டே இல்லையே, பிள்ளை வீட்டுக்குள்தானே இருக்கிறான், என்ன கெட்டுப்போகும்?" என்கிறார் மாமியார். இணையம் இல்லாமல் விளையாடுவது பாதுகாப்பானதுதானா? இது அடிமைத்தனமா? முழுவதுமாக நிறுத்திவிடட்டுமா? இரண்டரை வயது மகளும் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.
– ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

குழந்தை மனநல ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

இணையத்தைத் துண்டித்தது சரியான முடிவு. அதைத் தயவுசெய்து மாற்றிக்கொள்ள வேண்டாம். முகம் தெரியாதவர் உங்கள் மகனிடம் பேசக்கூடிய வழி அதனால் அடைபட்டது. 9 வயதுப் பிள்ளைக்குச் சற்றும் பொருந்தாத விளம்பரப் படங்கள் விளையாட்டின் நடுவே வந்து நிற்பதும், "இந்த விளம்பரத்தைப் பார்த்தால் இன்னோர் உயிர்" என்று பிள்ளையைப் பிடித்து உட்கார வைப்பதும், தெரியாமல் ஒரு பொத்தானைத் தொட்டு உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போவதும் பெரும்பாலும் இணையத்தின் வழியாக நடப்பவையே ஆதலால், அவையும் நின்றிருக்கும். உங்கள் மாமியார் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

இணையம் நின்றதும் வெளியாள் நின்றுவிட்டார். விளையாட்டு மட்டும் நிற்கவில்லை. பிள்ளையை மீண்டும் மீண்டும் இழுக்கும் ஆற்றல் இணையத்தில்தான் இருக்கிறது என்று பல பெற்றோர் நம்புகிறார்கள். மருத்துவ உலகம் அப்படிக் கருதுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2019 மே மாதம் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மின்னணு விளையாட்டுகளால் உண்டாகும் கோளாறு அதில் தனி நோயாகச் சேர்க்கப்பட்டபோது, பெரும்பாலும் இணையத்தோடு ஆடுவதால் வருவது என்றும், பெரும்பாலும் இணையம் இல்லாமல் ஆடுவதால் வருவது என்றும் இரண்டு பிரிவுகள் வகுக்கப்பட்டன. இணையமே இல்லாமலும் கட்டுப்பாடு கைநழுவ முடியும் என்பதை அந்த வகைப்பாடு வெளிப்படையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. உங்கள் மகனுக்கு அந்த நோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அதைப் பற்றிப் பின்னால் விரிவாக எழுதுகிறேன்.

தேதியை மாற்றி உயிர்களைப் பெறுகிறான் என்பதை ஏமாற்று வேலையாகக் கருதி வருந்தி எழுதியிருக்கிறீர்கள். அதை வேறு விதமாகவும் பார்க்கலாம். அந்த வகை விளையாட்டுகள் ஐந்து உயிர் கொடுத்து, அவை தீர்ந்ததும் அரை மணி நேரம் கழித்து வா என்றோ நாளை வந்தால் பரிசு தருகிறேன் என்றோ சொல்லி அனுப்புகின்றன. இணையம் இல்லாதபோது நேரத்தைக் கைபேசியின் கடிகாரத்தைப் பார்த்தே அவை கணக்கிடுகின்றன. உங்கள் மகன் அதைத் தானாகவே கண்டுபிடித்திருக்கிறான். அவன் அறிவைப் பாராட்டலாம். ஆனால் அந்த விளையாட்டை அவன் கையில் விட்டுவைக்கக் கூடாது. எப்போது பரிசு வரும் என்று தெரியாதபடி, சில முறை கொடுத்தும் பல முறை கொடுக்காமலும் இருந்தால் உயிரினங்கள் ஒரு செயலை மிக நீண்ட நேரம் விடாமல் செய்துகொண்டே இருக்கும் என்பதை அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு பல பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டினார். சுழலும் பரிசுச் சக்கரம், திறக்கும்வரை உள்ளே என்ன என்று தெரியாத பெட்டி, தினமும் வந்தால் கூடிக்கொண்டே போகும் நாணயங்கள் எல்லாம் அந்தக் கண்டுபிடிப்பின்மேல் கட்டப்பட்டவை. இவை வேலை செய்ய இணையம் தேவையில்லை.

ஆகவே ஒரு விளையாட்டை ஏற்றுவதற்கு முன் அது இணையம் கேட்கிறதா என்று பார்ப்பதோடு, அதற்கு ஒரு முடிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். 2011இல் வந்த டெம்பிள் ரன், 2012இல் வந்த சப்வே சர்ஃபர்ஸ் போன்றவை ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய விளையாட்டுகள். அவற்றில் வெற்றி பெற்று முடிப்பது என்பதே கிடையாது, தோற்பதுதான் முடிவு. தோற்ற பிள்ளை மறுபடியும் தொடங்கத்தான் செய்யும். இதற்கு மாறாக, மான்யுமென்ட் வேலி போன்ற புதிர் விளையாட்டில் அத்தியாயங்கள் இருக்கின்றன. ஒன்று முடிந்ததும் பிள்ளைக்கே ஒரு நிறைவு வருகிறது, மொத்தமும் ஒரு நாள் முடிந்தும் விடுகிறது. மைன்கிராஃப்ட் விளையாட்டைத் தனியாள் முறையில் இணையமின்றி ஆட முடியும். அதில் பகைவர் இல்லாமல் கட்டுவதற்கு மட்டுமான ஒரு முறையும் இருக்கிறது. அதற்கும் முடிவு கிடையாதுதான், ஆனால் பிள்ளை ஒரு வீட்டையோ பாலத்தையோ கட்டி முடித்து உங்களிடம் காட்ட முடிகிறது. சதுரங்கம், சுடோக்கு, சொல் விளையாட்டுகள் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. என் கருத்தில், உயிர் தீர்ந்தால் காத்திருக்கச் சொல்லும் விளையாட்டையும் சக்கரம் சுழற்றும் விளையாட்டையும் 12 வயதுக்குக் கீழுள்ள பிள்ளையின் கைபேசியில் வைக்கவே கூடாது.

இனி, அன்றாடம் உங்கள் வீட்டில் நடக்கும் சண்டைக்கு வருகிறேன். இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ஓர் ஆட்டத்தை நடுவில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் கூட ஆடுபவர்கள் தோற்பார்கள், பிள்ளைக்கு அவப்பெயர் வரும். இணையமில்லாத விளையாட்டில் இந்தச் சிக்கல் இல்லை. பெரும்பாலானவற்றில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஆட்டம் அப்படியே நிற்கும். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். இணையமில்லாத விளையாட்டினால் பெற்றோருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய நன்மை இதுதான் என்று நான் கருதுகிறேன். வருத்தம் என்னவென்றால், அதைப் பயன்படுத்தும் வீடுகள் மிகக் குறைவு. கைபேசியைக் கையிலிருந்து பிடுங்கும்போது பிள்ளை அழுவது விளையாட்டு போனதற்காக மட்டும் என்று நினைக்கிறோம். பல நேரங்களில் இருபது நிமிடம் முயன்று சேர்த்தது சேமிக்கப்படாமல் அழிந்துபோவதற்காகவும் அழுகிறது. தொலைக்காட்சியில் இணைத்து கேசட் போட்டு சூப்பர் மேரியோ ஆடிய தலைமுறையைச் சேர்ந்தவராக நீங்களோ உங்கள் கணவரோ இருக்கக்கூடும். 1985இல் வந்த அந்த முதல் விளையாட்டில் சேமிக்கும் வசதியே இல்லை. மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த எரிச்சலை நினைவுபடுத்திக்கொண்டால், "இந்த லெவல் மட்டும்" என்ற கெஞ்சலில் பாதியாவது நியாயம் இருப்பது புரியும்.

எனவே ஒரு மாலையில் அவன் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வொரு விளையாட்டிலும் ஆட்டம் எங்கே சேமிக்கப்படுகிறது, ஒரு லெவல் முடிய ஏறக்குறைய எத்தனை நிமிடம் ஆகிறது, நடுவில் நிறுத்தினால் என்ன ஆகிறது என்பதை அவனையே உங்களுக்குக் கற்றுத்தரச் சொல்லுங்கள். அறிவுரை எதுவும் சொல்லாமல் கற்றுக்கொள்ளும் மனநிலையில் மட்டும் உட்காருங்கள். எனக்குத் தெரிந்தவரை, பிள்ளைகள் இதை மிகுந்த பெருமையோடு செய்கிறார்கள். அதன்பின் நேரத்தையும் லெவலையும் சேர்த்து ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். சுவர்க் கடிகாரத்தில் 25 நிமிடம் ஆனதும் "இப்போது ஆடுவதுதான் கடைசி லெவல்" என்று ஒரு முறை சொல்லுங்கள். அது முடிந்ததும், அல்லது ஐந்து நிமிடத்துக்குள், அவனே ஆட்டத்தைச் சேமித்து, அணைத்து, கைபேசியைக் கூடத்தில் சார்ஜரில் மாட்டிவிட வேண்டும். பிடுங்காதீர்கள். அவன் கையாலேயே வைப்பதுதான் இங்கே முக்கியம். அலாரத்தை அதே கைபேசியில் வைக்க வேண்டாம், ஏனெனில் கடிகாரத்தை மாற்ற அவனுக்குத் தெரியும். கைபேசியை வைத்த உடனே செய்ய ஏதாவது ஒரு வேலையோ விளையாட்டோ காத்திருக்கட்டும். சாப்பாடு, சைக்கிள், கடைக்குப் போய்வருவது என எதுவாக இருந்தாலும் சரி, வெறுமையான நேரத்துக்குள் அவனைத் தள்ளிவிட்டால் மனம் உடனே கைபேசிக்குத் திரும்பும். முதல் பத்து நாட்கள் அழுகை இருக்கும். அந்தப் பத்து நாட்களில் ஒரு நாள்கூட "சரி, இன்று மட்டும்" என்று விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். அழுதால் சில நாள் கிடைக்கும், சில நாள் கிடைக்காது என்று ஆகிவிட்டால், பரிசுச் சக்கரத்தின் அதே விதி உங்கள் வீட்டிலும் வேலை செய்யத் தொடங்கிவிடும்.

எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதலின்படி, 5 முதல் 10 வயதுவரை உள்ள பிள்ளைகள் திரைமுன் செலவிடும் நேரம் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். தொலைக்காட்சியும் இதில் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாலையில் பாட்டியோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் தொடர் பார்க்கிற பிள்ளைக்கு மீதம் இருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. பிரிட்டனில் 10 முதல் 15 வயதுவரையுள்ள ஏறத்தாழ 5,000 பேரிடம் செய்யப்பட்டு 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியவர்கள் ஆடாதவர்களைவிடச் சற்று நல்ல மனநிலையில் இருந்ததும், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆடியவர்கள் சற்றுப் பின்தங்கியிருந்ததும் தெரியவந்தது. அந்த வேறுபாடுகள் சிறியவை. ஆகவே ஒரு மணி நேரம் ஆடினால் நன்மை வந்துவிடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அளவாக ஆடுவதால் பிள்ளை கெட்டுவிடாது என்று உங்கள் மனம் ஆறுதல் கொண்டால் போதும். உங்கள் மகனுக்குப் பள்ளி நாட்களில் அரை மணி நேரமும், விடுமுறை நாட்களில் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி என இரண்டு வேளையாக ஒரு மணி நேரமும் போதும் என்பது என் பரிந்துரை. நான்கு மணி நேரத்திலிருந்து ஒரே நாளில் இதற்கு வந்துவிட முடியாது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று குறைத்துக்கொண்டு வந்தால், பள்ளி திறப்பதற்குள் சரியாகிவிடும்.

இரண்டு இடங்களில் மட்டும் இந்தப் படிப்படியான தளர்வைக் கொடுக்காதீர்கள். முதலாவது, உறங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம். 6 முதல் 12 வயதுவரையுள்ள பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை. போர்வைக்குள் ஒலியை அணைத்துவிட்டு ஆடுவதற்கு இணையமில்லாத விளையாட்டு மிகவும் வசதியானது என்பதால், அந்தக் கைபேசி இரவில் உங்கள் அறையில்தான் இருக்க வேண்டும். இரண்டாவது, சாப்பாட்டு நேரம். பிள்ளை வாய் திறக்கட்டும் என்று கைபேசியைக் கொடுத்து ஊட்டுவது இன்று எல்லா ஊரிலும் நடக்கிறது. பாசத்தினால் செய்யப்படும் காரியம்தான் அது. ஆனால் பசி எது, வயிறு நிறைந்தது எது என்பதைப் பிள்ளை உணராமல் வளர அது காரணமாகிவிடுகிறது.

கண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறு திரையை மிக அருகில் வைத்துப் பார்ப்பதால் கண் சோர்வடையும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெயிலொளியில் வெளியே இருப்பது கிட்டப்பார்வை வராமல் தடுக்க உதவும் என்பது அந்த அளவுக்குத் தெரிந்திருக்கவில்லை. சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், பாதிப் பள்ளிகளில் தினமும் கூடுதலாக 40 நிமிடம் பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர், மற்றப் பள்ளிகளில் ஏறத்தாழ 40 பேர். மே மாத வெயிலில் உங்கள் ஊரில் பகல் முழுவதும் பிள்ளையை வெளியே விட முடியாது என்பதை அறிவேன். காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஐந்து மணிக்குப் பின்பும் போதுமான வெளிச்சம் இருக்கிறது.

இனி அந்த மெமரி கார்டு விவகாரம். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்தது இதுதான். வைஸ் சிட்டி 2002இல் வந்த விளையாட்டு. அமெரிக்காவில் 17 வயது நிரம்பியவர்களுக்கு, ஐரோப்பாவில் 18 வயது நிரம்பியவர்களுக்கு என்று முத்திரை இடப்பட்டது. வண்டி ஓட்டுபவரை இழுத்துப் போட்டு வண்டியைக் கவர்வது, தெருவில் போவோரைக் கொல்வது, போதைப்பொருள் வணிகம், பெண்களை இழிவாகக் காட்டும் காட்சிகள் ஆகிய அனைத்தும் அதில் உண்டு. அதற்கு இணையமே தேவையில்லை. கடுமையான உள்ளடக்கம் கொண்ட புகழ்பெற்ற விளையாட்டுகளில் பல இணையமின்றி ஆடக்கூடியவை என்பதால், "நெட் இல்லை, ஆகவே பாதுகாப்பு" என்ற எண்ணம் இந்த இடத்தில் முற்றிலும் உடைந்துபோகிறது. இதை ஆடியதால் பிள்ளை வன்முறையாளனாகிவிடுவான் என்று அஞ்ச வேண்டாம். விளையாட்டுகளால்தான் வன்முறைக் குற்றங்கள் நடக்கின்றன என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் தெளிவுபடுத்தியது. அதே அறிக்கையில், கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டு நடத்தையோடு சிறிய அளவில் தொடர்பு காணப்படுவதாகவும் அது சொன்னது. இந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். 9 வயதுப் பிள்ளை பார்க்கக் கூடாதவை அதில் இருக்கின்றன என்பதே அதை நீக்கப் போதுமான காரணம்.

ஆனால் அவன் தூங்கும்போது அழித்துவிடாதீர்கள். அவனோடு உட்கார்ந்து, அந்த விளையாட்டில் அவனுக்கு என்ன பிடிக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலான சிறுவர்கள் சொல்லும் பதில், நினைத்த இடத்துக்கு வண்டி ஓட்டிச் செல்ல முடிகிறது என்பதுதான். அதில் தவறேதும் இல்லை. வண்டி ஓட்டும் வேறு விளையாட்டைத் தருவதாகச் சொல்லி, இது ஏன் பெரியவர்களுக்கானது என்று மறைக்காமல் விளக்கி, அவன் கண்முன்னே நீக்குங்கள். அதில் அவன் பார்த்த ஏதாவது அவனைப் பயமுறுத்தியதா, குழப்பியதா என்றும் கேட்டுவிடுங்கள். பெரியப்பா மகனைக் கடிந்துகொள்ள வேண்டாம். "தம்பிக்கு ஏற்ற விளையாட்டை நீயே தேர்ந்தெடுத்துக் கொடு, ஆனால் என்னிடம் காட்டிவிட்டுக் கொடு" என்று பொறுப்பை அவனிடம் ஒப்படைத்தால் அவன் உங்கள் பக்கம் வந்துவிடுவான்.

மெமரி கார்டிலோ ப்ளூடூத் வழியாகவோ கைமாறும் ஏபிகே கோப்புகளை (செயலியைக் கைபேசியில் நேரடியாக நிறுவும் கோப்புகளை) இனி ஏற்றவே கூடாது என்பதைக் குடும்ப விதியாக வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டாமல் எல்லாம் திறந்திருக்கும்படி யாரோ மாற்றி அமைத்த மோட் விளையாட்டுகளுக்குள் வேறு என்ன நுழைக்கப்பட்டிருக்கிறது என்பதை யாராலும் உறுதிசொல்ல முடியாது. நீங்களே உங்கள் கையால் இணையத்தை இணைத்து, பிளே ஸ்டோரிலிருந்து இறக்கி, அதன் பக்கத்தில் 3+, 7+, 12+, 16+, 18+ என்று குறிக்கப்பட்டிருக்கும் வயது முத்திரையைப் பார்த்து, இணையத்தைத் துண்டித்தபின் ஒரு முறை ஆடிப் பார்த்துவிட்டு அவனிடம் கொடுங்கள். இணையம் வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளும் சில விளையாட்டுகள் இரண்டாவது லெவலிலேயே இணையம் கேட்டு நிற்கும் என்பதால் இந்தச் சோதனை தேவை. அந்தப் பழைய கைபேசியில் உங்கள் பணப் பரிமாற்றச் செயலி, வங்கிச் செயலி, குடும்பப் படங்கள் எதுவும் தங்கியிருக்கக் கூடாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: சிம் இல்லாவிட்டாலும் வைஃபை வேலை செய்யும். வீட்டுக்கு வரும் உறவினரின் கைபேசியில் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ள 9 வயதுப் பிள்ளைக்குத் தெரியும். வாரம் ஒரு முறை, வைஃபை பகுதியில் எந்தெந்த இணைப்புகள் சேமிக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்து நீக்கிவிடுங்கள். இதையும் ஒளிவுமறைவின்றி, அவனுக்குத் தெரியும்படியே செய்யுங்கள்.

இது அடிமைத்தனமா என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். நான் முன்பு சொன்ன வகைப்பாட்டின்படி, விளையாட்டின்மீது கட்டுப்பாடு இழந்திருக்க வேண்டும், வாழ்வின் மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டு முதலிடம் பிடித்திருக்க வேண்டும், தீங்கு வருவது தெரிந்தும் தொடர்ந்துகொண்டிருக்க வேண்டும், இதனால் படிப்போ குடும்ப உறவோ குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். இவை பொதுவாக 12 மாதங்களாவது காணப்பட்டால்தான் மருத்துவர்கள் அந்தப் பெயரைச் சொல்வார்கள். கோடை விடுமுறையில், செய்ய வேறொன்றும் இல்லாத வீட்டில், நான்கு மணி நேரம் ஆடுவதும் நிறுத்தினால் அழுவதும் அந்த நிலை ஆகாது. அடிமை என்ற சொல்லை அவன் காதுபட யாரும் சொல்லாதிருக்கப் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளி திறந்த பிறகும், தெருவில் நண்பர்கள் அழைத்தும் போகாமல் இருந்தாலோ, உறக்கமும் உணவும் குறைந்தாலோ, ஆடியதைத் தொடர்ந்து மறைத்துப் பொய் சொன்னாலோ, நிறுத்தும்போது பொருட்களை உடைப்பது, அடிப்பது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது போன்றவை நேர்ந்தாலோ, 12 மாதம் காத்திருக்காமல் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ குழந்தை மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம். திரையைப் பார்க்கும்போது வலிப்போ, கண நேரம் நினைவு தப்பி வெறித்துப் பார்ப்பதோ ஏற்பட்டிருந்தால் விளையாட்டை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். விரைவாக மின்னும் ஒளி சில பிள்ளைகளுக்கு வலிப்பைத் தூண்டும்.

முழுவதுமாக நிறுத்திவிட வேண்டாம் என்றே சொல்வேன். உங்கள் வீட்டில் நிறுத்தினால் பக்கத்து வீட்டில், உங்கள் கண்ணுக்குத் தெரியாமல், அனேகமாக இணையத்தோடு ஆடுவான். இன்னும் சில ஆண்டுகளில் பாடத்துக்காகவும் நண்பர்களுக்காகவும் இணையமுள்ள கைபேசி அவன் கைக்கு வந்தே தீரும். தொடங்கியதை நிறுத்தும் பழக்கத்தை, நிறுத்துவது எளிதாக இருக்கும் இந்த இணையமில்லாத ஆண்டுகளிலேயே அவன் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் இத்தனை நீளமாக நான் எழுதுவதற்குக் காரணம்.

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட ஒரு செய்தி என் மனத்தில் தங்கியது. அவனுடைய அப்பா அருகில் இல்லை. இணைய விளையாட்டில் அவனுக்குக் கூட ஆட ஆட்கள் இருந்தார்கள். அதில் ஆபத்து இருந்ததால் நீங்கள் நிறுத்தியது சரி. ஆனால் அதற்குப் பதிலாகக் கொடுத்த விளையாட்டுகளில் அவன் தனியாக இருக்கிறான். லூடோ, செஸ், கேரம் போன்றவற்றை ஒரே கைபேசியில் இருவர் மாறி மாறி ஆடும் முறையில் இணையமின்றி ஆடலாம். வாரத்தில் மூன்று நாளாவது அவனுடைய அரை மணி நேரம் இப்படி உங்களோடோ பாட்டியோடோ கழியட்டும். அப்பாவிடம் பேசும்போது மதிப்பெண்ணைப் பற்றியும் குறும்பைப் பற்றியும் மட்டும் பேசாமல், அவன் கட்டிய வீட்டையோ தீர்த்த புதிரையோ பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். சென்ற ஆண்டு அந்த அந்நியர் கேட்ட கேள்விகளைப் பற்றியும் ஒரு முறை அமைதியாகப் பேசிவிடுங்கள். "அதை நீ வந்து என்னிடம் சொன்னால் அது நல்ல காரியம், கைபேசி மாறியது உனக்குத் தண்டனை இல்லை" என்பதை அவன் உங்கள் வாயால் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை இப்படி ஏதாவது நடந்தால் மறைத்துவிடுவான். அந்த நபர் மறுபடி எந்த வழியிலாவது தொடர்புகொண்டால், குழந்தைகளுக்கான உதவி எண் 1098இல் தெரிவியுங்கள்.

உங்கள் மாமியாரிடம் இதையெல்லாம் குற்றச்சாட்டாகக் கொண்டுபோக வேண்டாம். பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான் என்று ஊகிக்கிறேன். "அத்தை, ஆரம்பிக்கிற நேரத்தையும் முடிகிற நேரத்தையும் நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், நீங்கள் சொன்னால் கேட்பான்" என்று அந்தப் பொறுப்பை அவரிடம் கொடுங்கள்.

கடைசியாக, சின்னவளைப் பற்றி. 2 முதல் 5 வயதுவரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதுவும் பெரியவர் ஒருவர் உடனிருந்து விளக்கும்போது மட்டும் என்பதே அதே மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் அந்தக் கணக்கில் சேரும். மேலும், 9 வயதுப் பிள்ளைக்கு ஏற்ற வேகமும் ஒலியும் இரண்டரை வயதுக் குழந்தைக்கு ஏற்றவை அல்ல. பேச்சு வளரும் பருவத்தில் அவளுக்குத் தேவை, அவள் சொல்வதற்குப் பதில் சொல்லும் மனிதர்கள். ஆகவே அவனுடைய காலை அரை மணியை அவள் தூங்கும் வேளைக்கு மாற்றிவிடுங்கள். மாலை அரை மணியில் அவளைப் பாட்டியோ நீங்களோ வாசலுக்கு அழைத்துச் சென்றுவிடுங்கள். அவள் தூங்காத நாட்களில் அண்ணன் உள் அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடட்டும். அப்போதும் அவன் உங்கள் பார்வையில் இருப்பான்.